தீபாவளி ஆர்டருக்கு நடுவிலும் நாலு புத்தகம்!

ஆடி பிறந்துவிட்டால் நம்ம குமாரபாளையத்தில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. லுங்கியும் துண்டும் ஆர்டர் மேல் ஆர்டராக வரும், தறி ராப்பகலாக ஓடும், சமையலுக்கும் தார் சுற்றுவதற்கும் நடுவில் நாம் ஓடிக்கொண்டே இருப்போம். அந்த ஓட்டத்திலும் புத்தகத்தைக் கைவிடாமல் இருக்க எங்கள் வீட்டில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு எது ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், தோழிகளே.

1. முதலில் நாள் கணக்கு. ஆடிப்பெருக்கிலிருந்து தீபாவளி வரை ஏறக்குறைய 11 வாரம்; தீபாவளி தள்ளி வரும் வருடத்தில் 14 வாரம்கூடக் கிடைக்கும். ஒரு நாளைக்கு 10 பக்கம் என்றாலே 11 வாரத்தில் 770 பக்கம் ஆச்சு. 150 பக்க நாவல் மூன்று, 300 பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான் பட்டியல். இருபது புத்தகம் எழுதி வைத்துக்கொண்டு ஏங்குவதைவிட நாலை முடிப்பது எவ்வளவோ மேல்.

2. கனமான புத்தகத்தை ஆடியிலேயே எடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் மூளையும் கையும் ஒன்றாய்க் களைத்துப்போகும். அந்த நேரத்துக்குச் சிறுகதைத் தொகுப்பு மட்டும். ஒரு கதை படித்து மூடினால் மறுநாள் விட்ட இடம் தேட வேண்டாம்.

3. ஈரோடு புத்தகத் திருவிழாவை நம் பட்டியலுக்காகவே வைத்த மாதிரி எனக்குத் தோன்றும். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்துகிறது, வருவதும் ஆகஸ்டில்தான். வெறும் கையோடு போய் ஆசைப்பட்டதையெல்லாம் அள்ளாமல், நாலு பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சித்திரையிலிருந்தே வாரக்கூலியில் 20 ரூபாய் உண்டியலில் போட்டு வந்தால் வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டியதே இல்லை.

4. வீட்டு வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டியிருப்போம். ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு, கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேராமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம். நாலில் இரண்டை அங்கே எடுத்து, வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படும் இரண்டை மட்டும் விலைக்கு வாங்கலாம்.

5. நேரம் குறைவாக இருக்கிறபோது நம்ம பக்கத்துக் கதைகளை முன்னால் வையுங்கள். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது, அளவில் சின்ன நாவல். அடுத்த ஊரான திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர் பெருமாள்முருகன் எழுதிய 'நிழல் முற்றம்' சினிமாக் கொட்டகையில் வேலை செய்யும் பையன்களைப் பற்றியது. நம்ம அம்மாயி பேசின பேச்சு அப்படியே அச்சில் வருவதால், ஒரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்காது. பக்கம் தானாக ஓடும்.

6. நின்றுகொண்டே படிக்கவும் ஒரு புத்தகம் வேண்டும். பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' (2000) எங்கள் அடுப்படி அலமாரியில்தான் இருக்கிறது. பால் பொங்குவதற்குள் நாலு சொல் பார்த்துவிடலாம். அதில் ஒன்றை மாமியாரிடம் கேட்டால் அதற்கு ஒரு கதையும் கிடைக்கும்.

7. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த கதை அது. அன்றைக்குப் படித்தவர்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார்கள். நாமும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு அத்தியாயம் என்று ஒதுக்கிவிட்டால் பட்டியலுக்கு வெளியே அது பாட்டுக்குப் போகும். கதை தொடங்குவதே ஆடிப்பெருக்கு அன்று என்பதால், நாம் காவிரிக்குப் போய் முளைப்பாரி விட்டுவந்த சாயங்காலமே முதல் அத்தியாயத்தைப் பிரியுங்கள், அவ்வளவு நன்றாக இருக்கும்.

8. தினசரிக் காலண்டரில் வரும் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் எல்லாம் பென்சிலால் ஒரு எண் எழுதி வையுங்கள், அன்றைக்குள் போய்ச் சேர வேண்டிய பக்க எண். காலையில் தாள் கிழிக்கும்போது கண்ணில் படும். பின்தங்கியிருந்தால் அன்றைக்கு டிவியை அரை மணி நேரம் முன்னால் அணைத்தால் போதும்.

9. செல்போனில் கதை கேட்பது நல்ல வழிதான், ஆனால் தறிப்பட்டறைக்குள் காதில் எதையும் மாட்டாதீர்கள். இழை அறுந்ததா, நாடா சரியாகப் போகிறதா என்று நமக்குச் சொல்வதே தறிச் சத்தம்தான். கேட்கிற கதையெல்லாம் சப்பாத்தி தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் இருக்கட்டும்.

10. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. காலாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு நான் சின்ன வெங்காயம் உரிப்பேன். முதல் இரண்டு நாள் திக்கித் திக்கி வரும், மூன்றாம் நாள் வசனம் வரும் இடத்தில் குரலே மாறும். போன வருடம் அரைக் கிலோ வெங்காயம் முடிந்தும், "இரும்மா, இந்தப் பக்கம் முடியட்டும்" என்று என்னை எழ விடவில்லை. அவர்கள் தமிழும் திருந்தும், நம் பட்டியலில் ஒன்றும் குறையும்.

11. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தறி நிற்கிற நாளில் வீடு துடைப்பதும் பரண் சுத்தம் செய்வதும் நம்மைக் கூப்பிடும். மத்தியானம் இரண்டு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வாசல் திண்ணையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஒரே மூச்சில் 50 பக்கம் போகலாம்.

12. பட்டறை ஒட்டிய வீட்டில் பஞ்சுத் தூசி புத்தகத்தின் மேல் விளிம்பில் படிந்து, ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜிப் வைத்த பழைய சேலைக் கவரில் போட்டு வைத்தால் தூசி அண்டாது. மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் அட்டை போட உதவும்; மிச்ச நூலை நாலு இழையாகப் பின்னினால் அடையாளக் கயிறு தயார், பக்கத்தை மடிக்க வேண்டாம்.

13. ஏலச்சீட்டு நமக்குப் புதிதில்லை, புத்தகச்சீட்டு போட்டுப் பாருங்களேன். தெருவில் நாலு வீடு, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். மாதம் ஒருவர் 400 ரூபாய்க்குப் புத்தகம் எடுக்க, நாலு வீடும் சுற்றிப் படிக்கும். கடைசியில் அது எடுத்தவருக்கே சொந்தம். ஒரு நோட்டில் யாரிடம் எது என்று எழுதி வையுங்கள். எழுதாமல் கொடுத்த ஒரு நல்ல புத்தகம் எங்களுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

14. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் வேண்டுமா? 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் சங்க நூல்கள் முதல் பாரதியார், கல்கி வரை இலவசம். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை வரிசைகளுக்கென்று ஒன்றைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

15. 30 பக்கம் தாண்டியும் மனசு ஒட்டாத புத்தகத்தை மூடிவிடுங்கள், கடன் ஒன்றுமில்லை. ஆயுத பூஜைக்குத் தறியோடு புத்தகமும் பூஜையில் இருக்குமே, அன்றைக்கு அதன் இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் புதிதாகத் தொடங்கலாம்.

16. தீபாவளி முடிந்து ஆட்கள் திரும்பித் தறி ஓடத் தொடங்க எங்கள் பட்டறையில் நாலு நாளாவது ஆகும். அந்த நாலு நாளுக்கென்று ஒரு புத்தகத்தைப் பிரிக்காமலே ஒதுக்கி வைப்பேன். போன தடவை தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய காவிரிப் பயண நூல் 'நடந்தாய் வாழி காவேரி'. முறுக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தறிச் சத்தமே இல்லாத தெருவில், மத்தியானம் முழுக்க அதோடுதான் இருந்தேன்.