இரு மொழிகளின் எல்லையில் ஒரு பழம்பிழை

பைதான் என்னும் நிரல்மொழியைப் பயிலும் நம் மாணாக்கர் ஒரு வினாவை அடிக்கடி எழுப்புகின்றனர். அம்மொழியில் எழுதிய நிரலிற் பிழை நேரின், எவ்வரியில் எப்பிழை என்பதை மொழியே எடுத்துரைக்கின்றது. அங்ஙனமிருக்க, சாளரமும் பொத்தானும் அமைத்து எழுதிய நிரல் சிலபோது யாதொன்றுங் கூறாது திடீரென மறைந்துபோவது எக்காரணத்தால் என்பதே அவ்வினா.

இது வேலம்பாளையத்தார்க்குப் பயனற்ற ஆராய்ச்சியன்று. பனியன் கம்பெனியொன்றிற் சனிக்கிழமை மாலை டெய்லர்களின் பீஸ் கணக்கைப் பதியுங்கால் நிரல் மறையுமாயின், சேமியாத வரிகளெல்லாம் போயின. எவர் எத்தனை டஜன் தைத்தார் என்னும் வழக்கு எழும். கூலியும் அன்று கைக்கு வாராது.

பைதான் 1991-ல் வெளிவந்தது. சாளரங்களை வரையும் கியூட் என்னும் நூலகம் 1995-ல் வெளிவந்தது. அது சி++ மொழியில் இயன்றது. இவ்விரண்டையும் இணைக்கும் பைகியூட் என்னும் பிணைப்பு 1998-ல் தோன்றிற்று. சி++ நிரல்களைப் பைதானிற் கொணரும் முறையைத் தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூலும் 2019 முதற் கற்பித்தலின், பிணைப்பு என்பது நம் இளைஞர்க்குப் புதிதன்று. (நூல் என்றால் இவ்வூரில் முதலில் நினைவுக்கு வருவது புத்தகமன்று; அது வேறு செய்தி.)

இனி, பிழையின் வேர் யாதெனிற் கூறுதும். ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பிய துணி தைப்பவரிடம் இருப்பினும், அதற்கு உரியவர் கம்பெனியாரே. அதுபோல், பைதானில் நாம் கையாளும் பொத்தான் ஒரு மேலுறை மாத்திரமே. மெய்ப்பொருள் சி++ பக்கத்தில் உள்ளது. ஒரு பொருளை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்று பைதான் எண்ணி வருகின்றது. எண்ணிக்கை சுழியானதும் அதனை அழிக்கின்றது. ஆனால் சாளரம் பொத்தானைச் சுட்ட, பொத்தான் சாளரத்தின் செயலொன்றைச் சுட்டுமாயின், சாளரத்தை மூடிய பின்னும் எண்ணிக்கை சுழியாவதில்லை. இத்தகைய வளையங்களைத் தேடி அழிக்கவே குப்பை சேகரிப்பான் என்பதொன்று 2000-ல், பைதான் 2.0 பதிப்பிற் சேர்க்கப்பட்டது. பைகியூட் பிறந்து ஈராண்டு கழிந்த பின்னரே இது வந்தது என்பதைக் கவனிக்க.

இச்சேகரிப்பான் தனக்கென ஓரிடம் இல்லாதது. பொருள்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைக் கடந்ததும், அப்போது எந்த இழை ஓடுகின்றதோ அவ்விழையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். (ஈண்டு இழை என்றது ஒரே நிரலினுள் உடனோடும் பணித்தொடரை.) கியூட்டோ, திரைக்குரிய பொருள்களை முதன்மை இழையன்றி வேறெதுவும் தொடலாகாது என்று விதிக்கின்றது. கோப்பு ஏற்றும் பின்னிழையில் சேகரிப்பான் விழித்துத் திரைப்பொருளொன்றை அழிக்க, அதே கணத்தில் முதன்மை இழை அதனை வரைய முற்படின், இல்லாத நினைவகத்தைத் தொட்ட குற்றத்திற்காக இயங்குதளம் நிரலையே கொன்றுவிடும். பைதான் வாய் திறக்க நேரமேது?

இதனை இந்தியராகிய கோவித் கோயல் நன்கு கண்டவர். 2006-ல் அவர் தொடங்கிய காலிபர் என்னும் மின்னூல் மேலாண்மை நிரல் பைதானும் பைகியூட்டும் கொண்டு இயன்றது. தானே இயங்கும் சேகரிப்பை நிறுத்திவிட்டு, 5,000 மில்லி வினாடிக்கு ஒருமுறை முதன்மை இழையிலேயே வரம்பைச் சோதித்து, வேண்டுமாயின் சேகரிக்கும் சிறு பகுதியொன்றை அவர் எழுதினார். 2011 முதல் பிற நிரலாளரும் அதனை எடுத்தாளலாயினர். அது மருந்தேயன்றி நோய்நீக்கமன்று. எனினும் அதனினும் சுருங்கிய வழியை யாம் கண்டிலேம்.

நிற்க. பிணைப்பை இயற்றியோர் வாளாவிருந்தனர் என்றலும் பொருந்தாது. கியூ-ஆப்ஜெக்ட் என்னும் இனத்துப் பொருள் தன் இழையை அறியும். ஆதலின் அயல் இழையில் அழிக்க நேரின், பின்னர் அழிக்குமாறு குறித்து வைக்கும் முறையைப் பைகியூட் மேற்கொண்டுள்ளது. ஆனால் அட்டவணையின் கட்டம், ஓவியப் பரப்பின் உருப்படி முதலியன அவ்வினத்தைச் சேர்ந்தனவல்ல. அவற்றிற்கு இக்காவல் இல்லை. பைதானார் தம் சேகரிப்பான் விதி வழுவவில்லை என்பர். கியூட்டார் தம் விதி தெளிவாக எழுதப்பட்டுள்ளது என்பர். இருவர் கூற்றும் மெய்யே. ஆகவேதான் இப்பிழை நெடுங்காலம் எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கின்றது. அன்றியும், மறைவு எப்போதாவது நிகழ்வது. முறையிடுவோர் காட்டும் வரி பெரும்பாலும் குற்றமற்ற வரியாகவே இருக்கும்.

சோதித்தறிய விரும்பும் மாணாக்கர் இரண்டு செய்க. பைதான் 3.3 முதல் உள்ள ஃபால்ட்ஹேண்ட்லர் என்னும் பகுதியை முதலில் இயக்கின், நிரல் மடியுங்கால் ஒவ்வோர் இழையும் நின்ற இடத்தை அது எழுதிச் செல்லும். நெடுங்காலம் 700 என வைக்கப்பட்டிருந்த சேகரிப்பு வரம்பை 1 ஆகக் குறைத்து ஓட்டின், மாதத்திற்கொருமுறை தோன்றிய மறைவு சில நிமிடங்களிலேயே தோன்றக்கூடும். சேகரிப்பான் பின்னிழையில் நின்றது கண்டால், கோயலாரின் முறையைச் சேர்த்து மீண்டும் ஓட்டிப் பார்க்க.