கானாவுக்கு முன் கிண்டி

கேள்வி: டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் உள்ள புசுவா கடற்கரைக்குக் குடும்பத்தோடு போக ஆசைங்க. எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், காந்திபுரம், கோவை.

பதில்: முதலில் தடுப்பூசி, அப்புறம்தான் டிக்கெட். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கானாவும் கேட்கும். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்; விசாரித்துவிட்டுப் போங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரைக்கும் டாக்டரைப் பாருங்கள்.

டிசம்பர் மழை ஓய்ந்த காலம், நல்ல தேர்வு. தலைநகர் அக்ராவிலிருந்து புசுவா போகும் வழியில் எல்மினா கோட்டை வரும். போர்த்துக்கீசியர் 1482-இல் கட்டியது. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வருவதற்கு 16 ஆண்டுகள் முன்பே. அடிமைகளை அடைத்துவைத்துக் கப்பலேற்றிய அறைகள் இன்றும் இருக்கின்றன. வளர்ந்த பிள்ளைகள் என்றால் கட்டாயம் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.