பளபள வீலா, கம்பெனி வீலா?

பைக்கிற்குக் கண்ணாடி மாதிரி மின்னும் அலாய் வீல் மாட்ட ஆசையா? பாலிஷ் என்பது மேல்வேலை மட்டுமே. உள்ளே இருப்பது பெரும்பாலும் கம்பெனி வீலில் இருக்கும் அதே வார்ப்பு அலுமினியம்தான். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) வீல் என்றால் எடை குறைவு, வலு அதிகம், விலையும் அதிகம்.

பெயின்ட் அடித்த கம்பெனி வீலுக்கு ஷாம்பு தண்ணீரே போதும். லாக்கர் பூச்சு இல்லாத பாலிஷ் வீலோ மழையும் உப்புக்காற்றும் பட்டு வெள்ளை பூத்து மங்கிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் மெட்டல் பாலிஷும் பழைய பனியன் துணியுமாக அடிக்கடி உட்கார வேண்டியிருக்கும். ஆசிட் கலந்த கிளீனர் பக்கமே போகாதீர்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரிம் அகலம், டிஸ்க் மாட்டும் துளைகள், பேரிங் அளவு மூன்றும் உங்கள் வண்டியோடு பொருந்த வேண்டும். மாட்டியதும் வீலைக் கையால் சுழற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பள்ளத்தில் இறங்கி விரிசல் விட்ட வீலை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்குக் கம்பெனி வீலே மேல்.