தானம் கொடுக்கும் மாட்டின் பல்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. அமெரிக்காவில் நீ சேர்ந்திருக்கும் தையல் குழுவுக்காகக் குவில்ட் என்ற அடுக்குப் போர்வை தைப்பது சேவையா, நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசையா என்பது ஒன்று. இலவசமாகக் கொடுக்கிற போர்வைக்கு இத்தனை விதிமுறை எதற்கு, தையல் சரியில்லை என்று திருப்பி அனுப்பலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விதான் உனக்குப் பெரிதாகப் படுகிறது; எனக்கு இரண்டாவது. நோக்கம் சுத்தமா என்று மனத்தைக் கிளறிக்கொண்டிருப்பதால் போர்வையில் ஒரு தையல்கூடக் கூடப்போவதில்லை. பொழுது போக வேண்டும், அலமாரியில் குவிந்த துணி தீர வேண்டும், படம் போட்டால் பாராட்டு வர வேண்டும் என்பதெல்லாம் கலந்துதான் மனிதர்கள் நல்ல காரியம் செய்கிறார்கள். கைம்மாறு கருதிக் கொடுப்பதை வள்ளுவர் ஈகைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் போர்த்திக்கொள்கிறவருக்கு உன் மனத்துக்குள் இருப்பது தெரியாது. தையல் பிரிந்தால் தெரியும். ஆகவே நோக்கத்தை அளக்கத்தான் வேண்டும் என்றால் வேலையில் அளந்து பார். உன் வசதியும் அவருடைய தேவையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நீ யார் பக்கம் நின்றாய் என்று பார்.

நல்ல எண்ணம் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. அனுப்பியவர்கள் இரக்கத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் கந்தலும் கிழிசலும், அந்த ஊர்ப் புழுக்கத்தில் உடுத்த முடியாத உடுப்புகளுமாக ஏராளமானவை சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. கடைசியில் டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியல்களை எடுத்துத் தரம் பிரித்து வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கொடுத்தவர்கள் தங்கள் அலமாரியைப் பார்த்தார்களே தவிர, வாங்குகிறவரின் வீட்டைப் பார்க்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நீ கேட்பாய். அந்தப் பழமொழி வாங்குகிறவனுக்குச் சொன்னது. அவன் பார்க்கக் கூடாது என்று ஆகிவிட்டதால், கொடுக்கிறவள்தான் பல்லைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய போர்வை பிரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம், சண்டை போடலாம். சும்மா வந்ததற்கு அந்த உரிமை கிடையாது.

தரம் என்றதும் அழகு என்று எடுத்துக்கொள்ளாதே. போர்வை எங்கே, யாரிடம் போகிறது என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. 1945இல் தொடங்கிய லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பு கேட்கும் போர்வை 60க்கு 80 அங்குலம். மேல்துணி, நடுப்படலம், அடித்துணி மூன்றையும் சேர்த்து ஆங்காங்கே நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டால் போதும். நிறம் ஒத்துப்போகிறதா, முனைகள் நேராகச் சேர்ந்தனவா என்பது அங்கே பிரச்சினை இல்லை. ஏனென்றால் அது போய்ச் சேரும் வீட்டில் ஒரு நாள் போர்வை, ஒரு நாள் தரைவிரிப்பு, ஒரு நாள் வெயில் மறைப்பு. ஆனால் கொடி, ராணுவச் சின்னம், மதச் சின்னம் போட்ட துணி வேண்டாம் என்கிறார்கள். சண்டை நடக்கும் ஊரில் அப்படி ஒரு படத்தைப் போர்த்திக்கொண்டு நடப்பதை யோசித்துப் பார், காரணம் புரியும். 2003இல் கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய குவில்ட்ஸ் ஆஃப் வேலர் அமைப்பு இதற்கு நேர்மாறு: முடிச்சுப் போட்டது ஆகாது, முழுக்கத் தைத்திருக்க வேண்டும், லேபிளும் வேண்டும். போர் கண்ட படைவீரருக்கு அதை ஒரு விருதாகத் தருகிறார்கள். குளிருக்கு அவரிடம் வேறு போர்வை இருக்கிறது. நோயுற்ற குழந்தைகளுக்காக 1995இல் தொடங்கிய ப்ராஜெக்ட் லைனஸ், புதிதாக இருக்க வேண்டும், துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், சிகரெட் வாடை கூடாது என்கிறது. பச்சைக்குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பம். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின் தொட்டிலில் போர்வையே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. ஆகவே நீ தைக்கும் குட்டிக் குவில்ட் விழித்திருக்கும் குழந்தையைத் தரையில் போட்டு விளையாட விடத்தான். அதில் நீ தைத்த யானைக்குப் பொத்தானில் கண் வைத்திருக்கிறாயே, அதைப் பிரித்து நூலால் கண் போடு. பொத்தான் நேரே வாய்க்குத்தான் போகும்.

குவில்ட் கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நடுவில் வைக்கும் பஞ்சுப் படலத்தின் உறையிலேயே, தையலுக்கும் தையலுக்கும் அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டி விட்டால், சில தடவை துவைப்பதற்குள் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டியாகத் திரண்டுவிடும். மற்ற இடத்தில் வெறும் துணிதான். துண்டுகளை இணைக்கும்போது கால் அங்குலம் உள்ளே விடச் சொல்வதும் போர்வை உழைப்பதற்காகவே. துணி மிச்சமாகுமே என்று பாதியாகக் குறைத்தால் இழை உருவிக்கொண்டு வரும். இந்தக் கோளாறு எதையும் தைத்தவள் பார்க்கப்போவதில்லை. எல்லாமே வாங்கியவர் வீட்டில் நடக்கும். இவ்வளவு கண்டிப்பு இருந்தால் புதிதாக வருகிறவர்கள் ஓடிவிடுவார்களே என்கிறாய். கோணலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் ஓடுவார்கள், அது நியாயம்தான். ஆனால் இங்கே கேட்பது உறுதியை மட்டும். பெரிய சதுரங்களாக வெட்டி நேர்த்தையல் போடுவது ஒரு வாரப் பழக்கம். உன் குழுவில் உன் போர்வையைத் திருப்பி அனுப்பிய அம்மாள் சொன்ன விதத்தில் குறை இருக்கலாம், சொன்ன விஷயத்தில் இல்லை.

இதை எல்லாம்விட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை நீ கேட்கவில்லை. துணி, பஞ்சு, தபால் செலவைக் கூட்டினால் அந்தக் காசுக்கு ஆலையில் நெய்த போர்வைகள் பல வாங்கலாம். உண்மைதான். வெள்ளம் வந்து ஆயிரம் பேர் இன்றிரவு குளிரில் கிடந்தால் ஊசியை வைத்துவிட்டுப் பணத்தை அனுப்பு. முகம் தெரியாத ஒருவர் தனக்காக உட்கார்ந்து தைத்தார் என்பதே ஆறுதலாகும் இடங்களும் உண்டு. அங்கேதான் கைத்தையலுக்கு வேலை. ஆனால் அங்கே தையல் பிரிந்தால் போவது போர்வை மட்டுமல்ல, அந்த ஆறுதலும்தான்.

திரும்பி வந்ததைத் தூக்கி எறியாதே. ஓரத்தைப் பிரித்து நடுவில் நெருக்கமாக ஓட்டுத் தையல் போடு. அதில் நீ வைத்த சிவப்புத் துணியின் மிச்சத்தை முதலில் வெள்ளைத் துணியோடு வெந்நீரில் நனைத்துப் பார்; சாயம் இறங்கினால் போர்வையிலிருந்தும் எடுத்துவிடு. படம் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். போர்வையின் படத்தைத் தாராளமாகப் போடு, பாராட்டையும் வாங்கிக்கொள். போர்வையை வாங்கிக்கொண்டவரின் முகத்தைப் போடாதே. அனுமதி கேட்டுத்தானே எடுத்தோம் என்பார்கள். போர்வையைக் கையில் வாங்கிவிட்டவர் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

உன் பெரியம்மா