பாரசீகமும் சந்திரகிரியும்

ஞாயிறு தோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். தகப்பனார் வேலை மாற்றலாகி வேலூரிலிருந்து திருப்பதிக்கு வந்தவர். ஒரு நாள் அவன் வரலாற்றுப் புத்தகத்தோடு வந்து, "சார், பெர்ஷியன் எம்பயர் பாடம் இருக்கு. இங்கிலீஷில் மனப்பாடம் பண்ணிட்டேன், ஒண்ணுமே புரியலை" என்றான். சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார வைத்தேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்: "அடுத்த மாசத்திலிருந்து தமிழுக்கு வரமாட்டேன் சார். இந்த ஊர்ல தமிழ் எதுக்கு, தெலுங்கும் இங்கிலீஷும் போதும்னு அப்பா சொல்றார்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பாடத்தை ஆரம்பித்தேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைய ஈரானின் தென்மேற்கில் உள்ள மலைநாடு பாரசீகம். கி.மு. 550 வாக்கில் அங்கே சிற்றரசனாக இருந்த சைரஸ், தனக்கு மேலே இருந்த மீடிய அரசனை வென்றான். பிறகு இன்றைய துருக்கியில் இருந்த லிடியாவைப் பிடித்தான். கி.மு. 539இல் பாபிலோன் அவன் கைக்கு வந்தது. வென்ற ஊரின் தெய்வங்களை அவன் உடைக்கவில்லை. அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பியதாகக் களிமண் உருளை ஒன்றில் எழுதி வைத்தான். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேம் திரும்பியதும் அவன் காலத்தில்தான். அவன் மகன் கி.மு. 525இல் எகிப்தைச் சேர்த்தான்.

வென்றது சைரஸ் என்றால், கட்டி ஆண்டவன் கி.மு. 522இல் பட்டத்துக்கு வந்த டேரியஸ். நாட்டை மாகாணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சத்ரப் என்ற ஆளுநரை வைத்தான். நம் காந்தாரமும் சிந்துவும் அந்தப் பட்டியலில் உண்டு. சார்டிஸ் நகரிலிருந்து சூசா வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டருக்கு ராஜபாட்டை. வழியில் 111 தங்குமிடங்கள் இருந்ததாகக் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். தன் வெற்றியை பெஹிஸ்தூன் மலைப்பாறையில் பழம் பாரசீகம், ஈலமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில் வெட்டி வைத்தான் டேரியஸ்.

இந்த இடத்தில் பையன் நிமிர்ந்தான். "அவங்க பாஷை மட்டும் போதாதா சார்?" போதவில்லை. அரசன் பேசியது பாரசீகம். ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் ஓலை போனது பெரும்பாலும் அரமேய மொழியில். பெர்சிபோலிஸ் அரண்மனையில் 1933-34இல் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் பெரும்பாலானவை ஈலமிய மொழியில் உள்ளன. யாருக்கு எத்தனை படி தானியம், எவ்வளவு மது என்ற கணக்குத்தான் அவற்றில் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவன் எந்த மொழிக்காரனோ, அந்த மொழியில் அரசு நடந்தது.

"சரி, இதே மாதிரி ஒரு சாம்ராஜ்யம் நம்ம ஊர்ல இருந்துதே, தெரியுமா?" என்றேன். தெரியாது என்றான். இத்தனைக்கும் சந்திரகிரிக் கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போய் ராஜ மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டவன்!

விஜயநகர அரசு 1336இல் துங்கபத்திரைக் கரையில் தோன்றியது. நம் சந்திரகிரி அதற்குத் தெற்கே ஒரு மாகாணத் தலைமையிடம். அங்கே ஆளுநராக இருந்த சாளுவ நரசிம்மர், மைய அரசு தளர்ந்தபோது 1485 வாக்கில் அரியணையையே எடுத்துக்கொண்டார். சத்ரப்பாக இருந்தவர் சக்கரவர்த்தி ஆன கதை. அவருக்குப் பின் துளுவ வம்சம் வந்தது. அதில் 1509இல் பட்டமேறிய கிருஷ்ணதேவராயர் ஏழு முறை திருமலை ஏறினார். கையைக் கூப்பியபடி இரண்டு தேவியரோடு அவர் நிற்கும் உலோகச் சிலையைக் கோயிலில் நுழையும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூட்டம் தள்ளுகிற தள்ளில் கவனித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையை 'ஆமுக்தமால்யத' என்று தெலுங்கில் காவியமாகப் பாடியவரும் அவரே. அவர் 1516இல் காளஹஸ்தியில் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது புதிது.

திருமலை, திருப்பதிக் கோயில்களின் சுவர்களில் கிடைத்த கல்வெட்டுகள் ஏறத்தாழ 1,180. தேவஸ்தானம் 1930களில் அவற்றை ஆறு தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றில் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்து ஐம்பது அளவில்தான் இருக்கும். மீதி அத்தனையும் தமிழ்! பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் இருப்பதில் வியப்பில்லை. கன்னடமும் தெலுங்கும் பேசிய விஜயநகர அரசர் காலத்தவையும் தமிழிலேயே இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. கோயில் கணக்கு தமிழில் இருந்தது. அரசர்கள் அதை மாற்றவில்லை.

அதில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்கு. ஒருவர் கோயிலுக்குப் பணம் கட்டுவார். கோயிலார் அந்தப் பணத்தைக் கோயில் கிராமத்தில் ஏரி வெட்டவோ கால்வாய் தோண்டவோ போடுவார்கள். தண்ணீர் வந்தால் விளைச்சல் கூடும். கூடிய நெல்லில் இன்ன திருநாளில் இத்தனை தளிகை என்று கல்லில் வெட்டுவார்கள். அந்தப் பிரசாதத்தில் கால் பங்கு பணம் கட்டியவருக்கு. அதற்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. தன் பங்கை யாத்திரிகர் உண்ணும் சத்திரத்துக்கு விட்டவர்களும் உண்டு. சாளுவ நரசிம்மர் காலத்தில் ராமானுஜ கூடங்கள் என்ற அன்ன சத்திரங்களைக் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் என்பவர் நடத்தினார். வட்டிக்கு விடாமல் வாய்க்காலுக்கு விட்ட பணம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனி மரியாதை.

பிறகு வீழ்ச்சி. 1565 தலைக்கோட்டைப் போரில் ராமராயர் மாண்டார், விஜயநகரம் பாழானது. அரச குடும்பம் பெனுகொண்டாவுக்கும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேங்கடபதிராயர் காலத்தில் சந்திரகிரிக்கும் வந்தது. ஆளுநர் ஊர் தலைநகரமாயிற்று. 1598இல் ஏசுசபைப் பாதிரிகள் இங்கே வந்து அரசரைப் பார்த்தார்கள். 1614இல் அவர் இறந்ததும் வாரிசுச் சண்டை. மதுரை, செஞ்சி நாயக்கர்கள் ஒரு பக்கம், தஞ்சை நாயக்கர் மறு பக்கம். சத்ரப்புகள் தலைதூக்கிய பாரசீகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அலெக்சாண்டர் வந்து கி.மு. 330இல் பெர்சிபோலிஸைக் கொளுத்தினான். இங்கே 1646இல் கோல்கொண்டாப் படை சந்திரகிரியைப் பிடித்தது. அதற்கு ஏழு ஆண்டு முன்புதான், 1639இல், இந்த அரசுக்கு அடங்கிய தாமர்ல நாயக்கர் கடற்கரையில் ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்திருந்தார். அதுவே சென்னைப் பட்டணம்.

கோல்கொண்டாவின் கர்நாடகப் படையெடுப்பை நடத்திய மீர் ஜும்லா எந்த ஊர்க்காரர் தெரியுமா? ஈரானில் இஸ்பகான் பக்கத்தில் பிறந்த பாரசீகர்! பையன் இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டான். நாம் இன்றும் மனுவோடு போய் நிற்கும் தாசில்தாரின் 'தார்' பாரசீகச் சொல்தான் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் கல்வெட்டுத் தொகுதி ஒன்றைக் கொண்டுபோனேன். அச்சில் இருந்த தமிழை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வடமொழிச் சொற்களில் தடுக்கினான். 'பணம்', 'நெல்லு', 'நெய்யமுது', 'பருப்பு' என்று வந்த இடங்களில் வேகம் பிடித்தான். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்து என்பதை அவனால் நம்ப முடியவில்லை. பிறகு எல்லோரையும் கோவிந்தராஜர் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினேன். கல்லில் புள்ளி இருக்காது. 'க' எது, 'க்' எது என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் கோயில் கணக்கரின் கையெழுத்து இருக்கும். திருநின்றவூருடையான் என்று போட்டிருப்பார். புத்தகத்தில் அந்த வரிக்கு வந்ததும் பையன் நிறுத்தினான்.

"திருநின்றவூரா? எங்க சித்தி வீடு அங்கதான் சார். சப்தகிரி எக்ஸ்பிரஸ்ல போகும்போது ஆவடிக்கு முன்னாடி வருமே!"

"அந்த ஊர்தான்பா."

தகப்பனாருக்குக் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்தைத் தன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு அவரும் கூட வந்தார். கோட்டைக்கு எப்போது அழைத்துப் போகிறீர்கள் என்று கேட்டார்.