ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுப் போ

அன்புள்ள கயல்,

பிப்ரவரியில் சப்போரோ போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பனித் திருவிழா நேரம். 1950-இல் பள்ளி மாணவர்கள் ஓதோரிப் பூங்காவில் செய்து வைத்த 6 பனிச் சிலைகளில் தொடங்கிய விழா அது. நன்றாகப் பார். ஆனால் விழாவோடு திரும்பிவிடாதே.

முதலில் காலைக் கவனி. பனி இறுகிக் கண்ணாடி போலாகிவிடும். அடி வழுக்காத காலணி வாங்கிக்கொள். தெரு முனைகளில் பெட்டிகளில் மணல் பைகள் இருக்கும். அவை பாதசாரிகளுக்காகத்தான். வழுக்கும் இடத்தில் நீயும் எடுத்துத் தூவலாம். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய நட.

ஊரில் வழி தவறாது. கட்டம் போட்டதுபோல் தெருக்கள். முகவரியே திசையும் எண்ணும்தான். 1878-இல் கட்டிய மணிக்கூண்டு 'வடக்கு 1, மேற்கு 2'-இல் இருக்கிறது. காலி நிலத்தில் கோடு கிழித்து எழுப்பிய நகரம் என்று தோன்றும். அங்கேதான் நீ நின்று யோசிக்க வேண்டும். அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. ஐனு மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1869-இல் ஜப்பான் அரசு சப்போரோ இருக்கும் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் வைத்துக் குடியேற்றத்தைத் தொடங்கியது. ஐனு மக்களின் நிலமும் வேட்டையும் மீன்பிடியும் கைவிட்டுப் போயின. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. சப்போரோ என்பதே ஐனு மொழிச் சொல். ஊர்ப் பெயர் 'பெட்சு' என்றோ 'நை' என்றோ முடிந்தால் பெரும்பாலும் அங்கே ஓர் ஆறோ ஓடையோ உண்டு. ரயில் நிலையப் பலகைகளை இந்தக் கண்ணோடு படித்துப் பார்.

ஒரு நாள் ரயிலில் ஒதாரு நகருக்குப் போ. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகும்போது வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்கார். பாதி வழியில் கடல் தண்டவாளத்துக்கு அருகிலேயே வந்துவிடும். அங்குள்ள கால்வாய் 1923-இல் முடிந்தது. சாலைக்காக அதை முழுவதும் மூடப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியதால் பாதி மிஞ்சியது.

இன்னொரு நாளைக் கட்டாயம் ஷிராவோய்க்கு ஒதுக்கு. விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே நிற்கும் வண்டிதானா என்று பார்த்து ஏறு. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பொரோத்தோ ஏரிக்கரையில், 2020-இல் திறந்த உபோபோய் என்ற ஐனு பண்பாட்டு வளாகம் இருக்கிறது. அதற்குள்தான் தேசிய ஐனு அருங்காட்சியகம். அறிவிப்புப் பலகைகளில் ஐனு மொழிதான் முதலில் வரும். காட்சிப் பிரிவுகளின் தலைப்பும் 'எங்கள் மொழி', 'எங்கள் வரலாறு' என்றே இருக்கும். யாரோ அவர்களைப் பற்றிச் சொல்வதாக இல்லை, அவர்களே பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தீவிலேயே முக்கியமான இடம் இதுதான்.

சற்றுத் தள்ளி மேட்டில் ஒரு நினைவிடம் உண்டு. ஆய்வுக்கென்று பல்கலைக்கழகங்கள் கல்லறைகளிலிருந்து எடுத்துச் சென்ற ஐனு மக்களின் எலும்புகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பானியச் சட்டம் சொன்னது 2019-இல்தான். அங்கே படம் எடுக்காதே. கொஞ்ச நேரம் சும்மா நில்.

உபோபோய்க்குப் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை, நாள் பார்த்துப் போ. உள்ளே யாரைச் சந்தித்தாலும் முதலில் 'இரன்கரப்தே' என்று சொல். ஐனு மொழியில் அதுதான் வணக்கம்.

அன்புடன்,
மாமா