கணினித்திரையும் மின்தேக்கியும்

ஒரு பொருள் தன் தொழிலை ஒழிந்தவிடத்து, அது முற்றும் பயனற்றதென்று துணிந்து புறத்தே எறிந்துவிடுதல் இக்காலத்தார் பலரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். பெரும்பொருள்கள் பல, தம்முள் அடங்கிய சிற்றுறுப்பொன்று கெட்டமையாலேயே செயலற்றுக் கிடக்கின்றன என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. மானிட்டர் என வழங்கும் கணினித்திரை இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அத்திரை பழுதுறுதற்கு அடிக்கடி ஏதுவாகும் மின்தேக்கியின் இயல்பையும், அது கெடுமாற்றையும், அதனை மாற்றும் முறையையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

கடைவீதியிற் கெப்பாசிட்டர் என்று வழங்கும் இவ்வுறுப்பிற்கு மின்தேக்கி என்னும் தமிழ்ப்பெயர் மிகப் பொருத்தமுடையது. நம் நாட்டு ஏரியை நோக்குமின். வரத்துக்காலில் நீர் ஒருபொழுது பெருகியும் ஒருபொழுது அருகியும் வரும். ஏரி அதனைத் தேக்கிவைத்து, மதகின் வழியே வயலுக்கு அளவாக விடுகின்றது. மின்தேக்கியின் தொழிலும் அத்தகையதே. நம் இல்லங்கட்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. திரையின் உள்ளுறுப்புக்களோ 5 வோல்ட், 12 வோல்ட் போன்ற சிறிய அழுத்தத்தில், ஒரே திசையில், நடுக்கமின்றி வரும் மின்சாரத்தையே வேண்டி நிற்பன. திருத்தி அதனை ஒருதிசைப்படுத்தும். மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கும். எனினும் வெளிப்படும் மின்சாரம் துடிப்புடையதாகவே இருக்கும். அத்துடிப்பை அடக்கிச் சமன்செய்வது மின்தேக்கியாம்.

மின்சாரத்தைத் தேக்கிவைத்தல் கூடும் என்பது 1745, 1746ஆம் ஆண்டுகளிற் கிளைஸ்ட், முஸ்கென்புரூக் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவரும் கண்ணாடிச் சாடிகளைக் கொண்டு தனித்தனியே கண்ட உண்மை. இன்று திரைகளின் மின்வழங்கியில் அமைவது மின்பகுநீர் வகையைச் சார்ந்தது. மெல்லிய அலுமினியத் தகடுகள் இரண்டினிடையே மின்பகுநீரில் தோய்ந்த தாளை வைத்துச் சுருட்டி, சிறு குப்பியில் இட்டு, இரப்பரால் அடைத்திருப்பர். தகட்டின்மேற் படிந்த நுண்ணிய ஆக்சைடுப் படலமே இடைநின்று மின்சாரத்தைத் தடுத்துக் காக்கின்றது.

இதற்குக் கொடிய பகை வெப்பம். ஆண்டுகள் செல்லச்செல்ல மின்பகுநீர் உலர்கின்றது, கொள்ளளவு குறைகின்றது, உள்தடை மிகுகின்றது. ஏரி தூர்ந்து மதகும் அடைபட்டாலொத்த நிலை இது. வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் இதன் வாழ்நாள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. 105 பாகை செல்சியசில் 2,000 மணி நேரம் உழைப்பதெனக் குறிக்கப்பெற்றது 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கக்கூடும். ஆதலின் திரையின் காற்றுத்துளைகளைத் துணியால் மூடிவைத்தல் அதன் வாழ்நாளைக் குறைப்பதாகும். அன்றியும், ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை தைவான் நாட்டு மின்தேக்கிகள் பல, மின்பகுநீரின் கலவை செவ்வனே அமையாமையால் மிக விரைவிற் கெட்டு உலகெங்கும் பேரிழப்பை விளைத்தன. அந்நீர் அலுமினியத்தை அரிக்க, ஹைட்ரஜன் வாயு தோன்றிக் குப்பிகள் புடைத்தன.

இனி, இப்பழுதின் குறிகளைக் கூறுவாம். பொத்தானை அழுத்தியும் திரை ஒளிராமை, சிறுவிளக்கு விட்டுவிட்டு மின்னுதல், படம் தோன்றிச் சில நொடியில் மறைதல், பன்முறை முயன்ற பின்னரே ஒளிர்ந்து சூடேறியபின் செவ்வையாக நடத்தல் என்பன அவை. இவற்றுள் இறுதியிற் கூறியது சிறப்பாக நோக்கத்தக்கது. உலர்ந்த மின்தேக்கியின் உள்தடை சூடேறுங்காற் குறைதலின் அவ்வாறு நிகழ்கின்றது. உள்ளே நோக்கின், நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாயிருக்கும். கெட்டதன் தலை புடைத்தோ, பழுப்புநிறக் கசிவு படிந்தோ தோன்றும். தலையில் உள்ள கீறல்கள், அழுத்தம் மிகுங்கால் அவ்வழியே பிளந்து வாயு வெளிப்படுதற்கென்று இடப்பட்டவை. புடைப்பில்லாமை ஒன்றையே கொண்டு நல்லதென்று துணிதலும் கூடாது. உள்தடையை அளக்கும் கருவிகொண்டே தெளிதல் வேண்டும்.

திறப்பதற்கு முன் அறியவேண்டுவது ஒன்றுளது. மின்கம்பியைக் கழற்றிவிட்டோம், இனி அச்சமில்லை என்று எண்ணுதல் பேதைமை. வரத்துக்காலை அடைத்த மாத்திரத்தில் ஏரி வற்றிவிடுமோ? மின்வழங்கியின் முற்பகுதியில் நிற்கும் பெரிய மின்தேக்கி ஏறக்குறைய 325 வோல்ட் அழுத்தத்தைத் தேக்கி நிற்பது; உயிர்க்கு இறுதி விளைக்கவும் வல்லது. திருப்புளியால் அதன் இரு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்கச் செய்தல் தீது. காப்பிட்ட பிடியுடைய 10,000 ஓம், 5 வாட் மின்தடையொன்றைச் சில நொடி இணைத்துவைத்து, பின்னர் மல்டிமீட்டரால் அளந்து, அழுத்தம் நீங்கியதைக் கண்ட பின்னரே கை வைத்தல் வேண்டும். முதன்முறை செய்வார் பழகியவர் ஒருவர் முன்னிலையிற் செய்க. வண்ணப் படக்குழாய் உடைய பழைய திரைகளோ 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தேக்கிவைப்பன. பயிலாதார் அவற்றைத் தீண்டாமையே நன்று.

மாற்றும் முறை வருமாறு. கழற்றுமுன் ஒவ்வொன்றும் நின்ற நிலையைப் படமெடுத்துக் கொள்க. புதியதன் கொள்ளளவு பழையதற்கு ஒத்ததாதல் வேண்டும். 470, 1,000 மைக்ரோபாரடு என்பன இங்குப் பெரும்பாலும் காணப்படும் அளவுகள். தாங்கும் அழுத்தம் பழையதற்கு ஒத்தோ மிக்கோ இருக்கலாம், குறைதல் ஆகாது. 105 பாகை குறிக்கப்பெற்றதும் உள்தடை குறைந்ததுமாகிய வகையையே தேர்க. குப்பியின் ஒருபுறத்துள்ள பட்டை எதிர்முனையைக் காட்டும். முனை மாறிவிடின் மின்தேக்கி சூடேறி வெடிக்கும். ஒன்று கெட்டிருப்பின், அதனோடு ஒருங்கு உழைத்த ஏனையவற்றையும் மாற்றுதல் நன்று. பற்றவைக்கும் கோலை நெடுநேரம் ஊன்றின் பலகையின் செப்புத்தடம் பெயர்ந்துவிடும். பற்றாசு உருகியவுடன் எடுத்துவிடுக. இம்மின்தேக்கிகள் சென்னை ரிச்சி தெரு முதலிய இடங்களிற் சில ரூபாய்க்கே கிடைப்பன.

எல்லாத் திரைகளும் இம்முறையாற் பிழைக்கும் என்பது கருத்தன்று. பின்னொளி விளக்குக் கெடுதலும், திரைக்கண்ணாடி உடைதலும், வேறு உறுப்புக்கள் எரிதலும் உண்டு. ஆயினும் ஆராயாது எறிதலினும் ஆராய்ந்து கைவிடுதல் மேலன்றோ? முற்றும் பயனற்றதையும் குப்பையில் இடுதல் தகாது. ஈயம், பாதரசம் முதலிய நச்சுப்பொருள்கள் பழைய திரைகளில் உள. 1-4-2023 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பனவும் இத்தகைய கழிவு முறையாக மறுசுழற்சி செய்யப்பெறுதல் வேண்டும் என்பதையே நோக்கமாக உடையன.

நம் கைக்கு வந்த பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரேயன்றித் தனியுரிமை உடையோம் அல்லேம். அதனை ஆக்கியோர் உழைப்பும், மண்ணினின்று அகழ்ந்தெடுத்த உலோகமும் அதனுள் அடங்கியுள்ளன. ஆதலின், கல்லூரிகளிலும் இல்லங்களிலும் இருண்டு கிடக்கும் திரைகளைத் தள்ளிவிடுதற்கு முன், அறிந்தார் ஒருவரைக் கொண்டு ஒருமுறை திறந்து நோக்குதல் நம் கடனாகும்.